கட்டணம் 52 திர்ஹம்தான் என்றார்கள், ஊரில் ஏன் இவ்வளவு குறைந்தது?

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கை கல்யாணச் செலவுக்காக, அறந்தாங்கியில் இருக்கும் அப்பாவின் கணக்குக்குத் தன் சம்பள வங்கியின் ஆப் வழியாக 3,000 டாலர் அனுப்பினார். கட்டணம் வரியோடு சேர்த்து 52.50 திர்ஹம் என்று காட்டியது, கட்டிவிட்டார். அன்றைக்கு டாலர் 88 ரூபாய். 2,64,000 ரூபாய் வரும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். பாஸ்புக்கில் ஏறியது 2,59,296. “மீதி 4,700 ரூபாயை யார் எடுத்தது? இங்கே கேட்டால் நாங்கள் எடுக்கவில்லை என்கிறார்கள். ஊர் வங்கியில் கேட்டால் வந்ததைத்தான் வரவு வைத்தோம் என்கிறார்கள். அடுத்த மாதம் மண்டபத்துக்கு இன்னொரு தொகை அனுப்ப வேண்டும், என்ன செய்யட்டும்?” இதுதான் கேள்வி. இரண்டு பக்க ரசீதுகளில் இருந்த எண்களையும் சேர்த்தே எழுதியிருந்ததால் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கவுன்டரின் மறுபக்கத்திலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். தம்பி, உங்கள் பணத்தை யாரோ ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. அதில் பெரிய பகுதிக்குக் கட்டணம் என்ற பெயரே கிடையாது. அதனால்தான் இரண்டு பக்கமும் ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று சொல்ல முடிகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குறைவு ஷார்ஜாவிலேயே நடந்துவிட்டது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. உங்கள் கணக்கில் இருந்தது திர்ஹம், அனுப்பியது டாலர். திர்ஹமுக்கும் டாலருக்கும் இடையிலான மதிப்பு 1997 முதல் மாறவே இல்லை: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். அந்தக் கணக்கில் 3,000 டாலருக்கு 11,017.50 திர்ஹம்தான் ஆகிறது. உங்கள் ரசீதில் ரேட் 3.685 என்று இருக்கிறது, கணக்கிலிருந்து 11,055 போயிருக்கிறது. 37.50 திர்ஹம் அங்கேயே போயிற்று. அதோடு 52.50 திர்ஹம் கட்டணம். அதில் 50 வங்கியுடையது, 2.50 அந்நாட்டின் 5 சதவீத வாட் வரி.

அடுத்தது நடுவில் இருக்கும் வங்கி. இதுதான் எல்லோரையும் குழப்புவது. உங்கள் வங்கிக்கும் அப்பாவின் வங்கிக்கும் நேரடியான கணக்கு வழக்கு பெரும்பாலும் இருக்காது. டாலர் என்றால் அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் வழியாகத்தான் அது நகரும். ஸ்விஃப்ட் என்று சொல்கிறார்களே, அது பணத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்ற செய்தியை மட்டும் கொண்டுபோகிறது. பெல்ஜியத்தில் இருந்து இயங்கும் அமைப்பு அது, தொடங்கியது 1973இல். செய்தி போகும் வழியில் இருக்கும் வங்கி, தன் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிக் கொடுப்பதற்காக ஒரு தொகையை வருகிற பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும். உங்கள் விஷயத்தில் அது 20 டாலர். அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தது 2,980 டாலர்தான். ஊர் வங்கி ‘வந்ததைத்தான் வரவு வைத்தோம்’ என்று சொன்னது அந்த அளவில் உண்மை.

மூன்றாவது, ஊர் வங்கி டாலரை ரூபாயாக்கிய ரேட். நீங்கள் போனில் பார்த்த 88 என்பது பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைக்கு ஒட்டியது. கிளையில் வருகிற பணத்துக்குப் போடுவது ‘டிடி பையிங்’ என்ற ரேட் (இங்கே டிடி என்பது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல). அது எப்போதும் சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு 87.20 போட்டிருக்கிறார்கள். டாலருக்கு 80 பைசாதான் வித்தியாசம். ஆனால் 2,980 டாலருக்கு அது 2,384 ரூபாய். நீங்கள் தேடுகிற 4,700இல் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இதற்கு ரசீதில் தனி வரி கிடையாது, பாஸ்புக்கில் பற்றும் கிடையாது. ரேட்டுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

அப்புறம் ஜிஎஸ்டி. வெளிநாட்டுப் பணம் அனுப்பினால் அரசாங்கம் வரி பிடிக்கிறது என்று பலர் பதறுகிறார்கள். அந்த 2.59 லட்சத்துக்கு வரி இல்லை. நாணயத்தை மாற்றிக்கொடுக்கும் சேவைக்குத்தான் வரி. அந்தச் சேவையின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையில் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். அதற்கு மேல் பத்து லட்சம் வரை, 1,000 ரூபாயோடு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டதில் அரை சதவீதம். பத்து லட்சத்துக்கு மேல் 5,500 ரூபாயோடு மிச்சத்தில் 0.1 சதவீதம், எவ்வளவு பெரிய தொகையானாலும் 60,000 ரூபாய்தான் உச்சம். இப்படி வருகிற மதிப்பில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் கணக்குக்கு மதிப்பு 1,799 ரூபாய் சொச்சம், வரி 324 ரூபாய். கடைசியாக, வரவு வைத்ததற்கான வங்கிக் கட்டணம் 200, அதற்கு ஜிஎஸ்டி 36.

கூட்டிப் பாருங்கள். நடு வங்கியின் 20 டாலர் 1,760 ரூபாய், ரேட்டில் போனது 2,384, ஜிஎஸ்டி 324, கட்டணம் 236. மொத்தம் 4,704. உங்கள் கணக்கு பைசா சுத்தமாக நேராகிவிட்டது. ஆனால் ஷார்ஜாவில் போன 90 திர்ஹமை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் இந்த ஒரு முறை அனுப்பியதற்கு ஆன செலவு ஏறக்குறைய 6,860 ரூபாய். திரையில் உங்களுக்குக் காட்டிய 52.50 திர்ஹம் ரூபாயில் 1,258. ஆன செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு இதில் வருத்தமும் கோபமும் உண்டு. சட்டப்படி தவறில்லை என்று இருக்கலாம். ஆனால் வெயிலில் உழைத்து அனுப்புகிறவனுக்கு, செலவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கண்ணில் காட்டுவது நியாயமில்லை.

இதில் எதைத் திரும்பக் கேட்க முடியும்? அதற்கு ‘ஸ்விஃப்ட் காப்பி’ வேண்டும். உங்கள் வங்கியில் கேளுங்கள், கொடுப்பார்கள். பழைய வடிவத்தில் அதை எம்டி103 என்பார்கள். ஆங்கிலச் சுருக்கெழுத்தாகப் பத்திருபது வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 33பி என்ற எண்ணுக்கு எதிரே நீங்கள் அனுப்பச் சொன்ன தொகை, 3,000 டாலர், இருக்கும். 32ஏ எதிரே அந்தச் செய்தியை அனுப்பிய வங்கி அடுத்த வங்கிக்கு உண்மையில் கொடுத்த தொகை. 71எஃப் என்ற வரியில் யார் எவ்வளவு கழித்தார்கள் என்பது இருக்கும். இரண்டு வங்கிகள் கழித்திருந்தால் அந்த வரி இரண்டு முறை வரும். அப்பாவின் வங்கிக்கு வந்த பிரதியில் 32ஏ-வில் 2,980 என்றும் 71எஃப்-இல் 20 என்றும் இருக்கும். வழியில் நடந்ததெல்லாம் உங்கள் ஷார்ஜா வங்கி அனுப்பிய பிரதியில் தெரியாது, ஆகவே இரண்டு முனையிலும் பிரதி கேட்க வேண்டும். 2025 நவம்பரோடு வங்கிகள் தங்களுக்குள் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. அதில் எண்களுக்குப் பதில் ‘இன்ஸ்ட்ரக்டட் அமவுண்ட்’, ‘செட்டில்மென்ட் அமவுண்ட்’, ‘சார்ஜஸ்’ என்று பெயராகவே இருக்கும். பார்க்க வேண்டிய விஷயம் அதேதான்.

நான்காவது வரி 71ஏ. வழிக் கட்டணத்தை யார் ஏற்பது என்று அதில் மூன்றெழுத்தில் இருக்கும். ‘எஸ்ஹெச்ஏ’ என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றவர்களுடையது வாங்குகிறவருக்கு. ‘ஓயுஆர்’ என்றால் எல்லாம் அனுப்புகிறவர் தலையில். ‘பிஇஎன்’ என்றால் எல்லாம் வாங்குகிறவர் தலையில். நீங்கள் ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பெரும்பாலும் ‘எஸ்ஹெச்ஏ’ என்றே போகும். அப்படிப் போயிருந்தால் 20 டாலரைத் திரும்பக் கேட்க வழியில்லை. கூடுதல் பணம் கட்டி ‘ஓயுஆர்’ என்று அனுப்பியும் 20 டாலர் பிடித்திருந்தால், விடாதீர்கள். உங்கள் வங்கி நடு வங்கியிடம் விசாரித்து வாங்கித் தர வேண்டிய பணம் அது. அதற்கு ‘யுஇடிஆர்’ என்ற 36 எழுத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் நான்கு சிறு கோடுகளோடு நீளமாக இருக்கும். அதை வைத்துத்தான் பணம் எந்த வங்கியில் எப்போது நின்றது, எங்கே எவ்வளவு குறைந்தது என்று அவர்களால் பின்தொடர முடியும். ஆனால் ஒன்று: ‘ஓயுஆர்’ போட்டாலும் ஊர் வங்கியின் ரேட்டும் ஜிஎஸ்டியும் அதில் அடங்காது.

ஊர் வங்கியின் ரேட்டுக்கும் ஒரு வழி உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே ஒட்டியிருப்பது ‘கார்டு ரேட்’, அதாவது எல்லோருக்கும் பொதுவாகப் போடும் அன்றைய ரேட். பெரிய தொகை வெளிநாட்டு நாணயமாகவே வருகிறது என்றால், ரூபாயாக மாற்றுவதற்கு முன் கிளை மேலாளரிடம் சொல்லி ‘ஸ்பெஷல் ரேட்’ கேட்கலாம். அவர் தலைமை அலுவலகத்தின் கருவூலப் பிரிவிடம் வாங்கித் தருவார். வீடு விற்ற பணம், பல வருடச் சேமிப்பு என்று பத்து இருபது லட்சம் வரும்போது இப்படிக் கேட்காமல் இருப்பது பெரிய நஷ்டம். வரவு வைத்த பிறகு போய்க் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அடுத்த மாதத் தொகைக்கு வருவோம். டாலராக அனுப்பாதீர்கள். திர்ஹம் டாலராகி, டாலர் ரூபாயாகி, இரண்டு முறை மாறும்போது இரண்டு முறை இழக்கிறீர்கள். ரூபாயாகவே அனுப்புங்கள். நாணயம் மாற்றி ஊருக்குப் பணம் அனுப்பித்தரும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் செய்வது அதுதான். வளைகுடா, சிங்கப்பூர், ஹாங்காங் எக்ஸ்சேஞ்சுகள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. நீங்கள் அங்கே திர்ஹம் கட்டினால், இங்கே அந்தக் கணக்கிலிருந்து அப்பா கணக்குக்கு உள்நாட்டுப் பரிமாற்றம்போல ரூபாய் போய்விடும். நடுவில் அமெரிக்க வங்கி இல்லை. சொன்ன ரூபாய் பொதுவாக அப்படியே சேரும். 2023-24இல் இந்தியாவுக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எமிரேட்ஸிலிருந்து வந்தது. அவ்வளவு பணம் போகும் தடம் என்பதால் எக்ஸ்சேஞ்சுகளுக்குள் போட்டி கடுமை. அந்தப் போட்டி உங்களுக்கு லாபம்.

ஆனால் எக்ஸ்சேஞ்சிலும் ரேட்டைச் சரிபார்க்காமல் கட்டாதீர்கள். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. டாலர் எத்தனை ரூபாய் என்று பாருங்கள். அதை 3.6725ஆல் வகுத்தால் திர்ஹமின் உண்மையான விலை வந்துவிடும். 88ஐ வகுத்தால் 23.96. போர்டில் 23.85 என்று இருந்தால் 11 பைசா அவர்களுடையது, ஆயிரம் திர்ஹமுக்கு 110 ரூபாய். 23.60 என்று இருந்தால் 360 ரூபாய். சவூதி ரியாலுக்கு 3.75ஆலும், கத்தார் ரியாலுக்கு 3.64ஆலும், ஓமன் ரியாலுக்கு 0.3845ஆலும், பஹ்ரைன் தினாருக்கு 0.376ஆலும் வகுத்தால் அங்கேயும் இதே கணக்கு செல்லும். குவைத் தினார் மட்டும் பல நாணயங்களின் கூட்டு மதிப்போடு கட்டப்பட்டிருப்பதால் இந்தக் கணக்குக்குள் வராது.

உங்களுக்கு ஆன 11,107.50 திர்ஹமையே எடுத்துக்கொள்வோம். 23.85 ரேட்டில், 24.15 திர்ஹம் கட்டணத்தோடு எக்ஸ்சேஞ்சில் கட்டியிருந்தால் அப்பா கணக்கில் 2,64,337 ரூபாய் ஏறியிருக்கும். 5,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ‘கட்டணமே இல்லை’ என்று ஒரு ஆப் விளம்பரம் செய்து 23.60 ரேட் கொடுத்தால் 2,62,137தான். கட்டணம் வாங்குகிற கடை, வாங்காத கடையைவிட 2,200 ரூபாய் அதிகம் சேர்க்கிறது. ஆகவே ‘கமிஷன் எவ்வளவு?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘இத்தனை திர்ஹம் என் கையிலிருந்து போகிறது, ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில், ஒரே தொகைக்குக் கேட்டால் போதும், ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

சிறு தொகைக்கு இந்த விஷயம் இன்னும் கொடுமையானது. மாதம் 500 டாலர் அனுப்புகிறவர் நீங்கள் போன அதே வழியில் போனால், நடு வங்கியின் 20 டாலர் மட்டுமே 4 சதவீதம். புலம்பெயர்ந்தோர் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. நடு வங்கி ஒன்றே அந்த இலக்கைத் தாண்டிவிடுகிறது. குறைந்த சம்பளக்காரர்தான் சிறு சிறு தொகையாக அனுப்புகிறார், அவரிடம்தான் விகிதம் அதிகமாகப் பிடிக்கப்படுகிறது.

சனி, ஞாயிறில் அனுப்புவதைத் தவிர்க்கலாம். ரூபாய்ச் சந்தை மூடியிருக்கும், திங்களன்று விலை எப்படித் திறக்குமோ என்று எக்ஸ்சேஞ்சுகள் ரேட்டில் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளும். கிரெடிட் கார்டில் பணம் கட்டி அனுப்பவே கூடாது. கார்டு வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கு வைத்து, தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடும்.

வீட்டில் கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் சேவையிலும் ஒரு தடுமாற்றம் வரும். அதில் ஒரு முறைக்கு 2,500 டாலர்தான் உச்சம், ஒருவருக்கு வருடத்தில் 30 முறைதான் வரலாம், 50,000 ரூபாய்க்கு மேல் கையில் ரொக்கமாகத் தர மாட்டார்கள். இது ரிசர்வ் வங்கியின் விதி, கடைக்காரர் இழுத்தடிப்பதில்லை.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் விரிந்து பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாக முன்னால் இருக்கும். பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பினால், போகும்போது ஒரு பிடித்தம், வரும்போது ஒரு பிடித்தம், ரேட் மாறினால் அதிலும் ஓர் இழப்பு. ஐஎஃப்எஸ்சி எண்ணும் அப்படித்தான். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும், கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி அதே வருடம் நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து எண் கொடுத்தால் பணம் எங்கேயாவது தங்கும்.

இவ்வளவு பிடித்தம் எதற்கு, உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் பணம் சேர்க்கும் ஹவாலாவில், போட்டுவிடலாம் என்று உங்கள் அறையிலேயே யாராவது சொல்வார்கள். நல்ல ரேட், கட்டணம் இல்லை, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கே பணம். தயவுசெய்து வேண்டாம். உங்கள் அப்பா கையில் வருவது யாருடைய பணம் என்று உங்களுக்குத் தெரியாது. அது இணைய மோசடிப் பணமாக இருந்து, கணக்கு வழியாக வந்திருந்தால், வேறு ஏதோ மாநிலத்துக் காவல்துறையின் கடிதத்தில் உங்கள் அப்பாவின் கணக்கு முடக்கப்படும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1999ஆம் வருடத்து அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதமும் போடலாம். முறையான வழியில் வந்த பணத்துக்கு அந்தப் பயம் இல்லை. மகன் அப்பாவுக்கு அனுப்புவது உறவினருக்குள் கொடுப்பது, எவ்வளவு ஆனாலும் அப்பாவுக்கு அதற்கு வருமான வரி கிடையாது.

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் செல்பேசிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை செல்பேசியிலிருந்தே ஊர்க் கணக்குக்கு உடனே போகும், அனுப்பும் முன்பே எத்தனை ரூபாய் சேரும் என்று திரையில் தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலிருந்தே இதில் இருக்கின்றன.

தம்பி, இந்த வாரம் ஷார்ஜா வங்கியில் ஸ்விஃப்ட் காப்பியும் யுஇடிஆர் எண்ணும் எழுத்தில் கேளுங்கள். 71ஏ-வில் ‘ஓயுஆர்’ என்று இருந்தால் 20 டாலருக்கு அங்கேயே புகார் கொடுங்கள். தீராவிட்டால் எமிரேட்ஸில் ‘சனதக்’ என்ற குறைதீர் அமைப்பு இருக்கிறது. ஊர் வங்கி போட்ட ரேட்டுக்கும் கட்டணத்துக்கும் விவரம் கேட்டு அப்பாவை ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் எப்படி மனு செய்வது என்று சொல்வார்கள். மண்டபப் பணத்தை ஒரு வார நாளில், இரண்டு மூன்று எக்ஸ்சேஞ்சுகளில் ஊரில் எத்தனை ரூபாய் ஏறும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ரசீதில் ‘வரவாகும் தொகை’ ரூபாயில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிடுங்கள்.